சாயும் அடுப்படி

பாய்மரப் படகு நல்ல காற்றில் ஓடும்போது 15 முதல் 20 டிகிரி வரை ஒரு பக்கமாகச் சாய்ந்தே போகும். சில சமயம் நாள் முழுக்க அதே சாய்வுதான். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. உயரமும் உள்ள பாத்திரம் 20 டிகிரி சாய்ந்தால், தண்ணீர் ஒரு விளிம்பில் மூன்றரை செ.மீ.க்குச் சற்று அதிகமாக ஏறும். முக்கால் பாத்திரம் நிரப்பியிருந்தால் வழிந்துவிடும். பாதி நிரப்பியிருந்தால் தப்பும், அதுவும் அலை வந்து மோதாத வரைக்கும். அதனால் படகுக்குப் பாத்திரம் வாங்கும்போது அகலத்தைவிட உயரத்தைப் பாருங்கள். கொள்ளளவில் பாதியை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் 3 லிட்டர் பாத்திரம் போதும் என்கிற குடும்பத்துக்கு இங்கே 5 லிட்டர் வேண்டும்.

படகில் குடியேறுபவர்கள் முதலில் புலம்புவது இடம் போதவில்லை என்றுதான். எங்களைக் கேட்டால் அது இரண்டாவது கவலை. ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து, படகு இந்தப் பக்கம் சாய்ந்தால் இது எங்கே போகும், அந்தப் பக்கம் சாய்ந்தால் எங்கே போகும் என்று இரண்டு தடவை யோசித்து வைத்தால், பாதிச் சாமான் தேவையில்லை என்பது தானே தெரிந்துவிடும். மிச்சத்துக்கு இடம் கிடைத்துவிடும். கரையில் கட்டியே கிடக்கும் படகுக்கும் இது பொருந்தும். பக்கத்தில் ஒரு விசைப்படகு வேகமாகப் போனால் போதும், மேடையில் இருந்த கண்ணாடிக் குவளை தரைக்கு வந்துவிடும்.

அடுப்பு

ஓடும் படகில் அடுப்பு ஜிம்பலில் தொங்க வேண்டும். அடுப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அச்சு. அவற்றில் அடுப்பு ஊசலாடி, படகு சாய்ந்தாலும் தன் மேல்தளத்தை மட்டமாக வைத்துக்கொள்ளும். அச்சு படகின் நீளவாக்கில் இருக்க வேண்டும். பக்கவாட்டு ஆட்டத்தை மட்டும்தான் ஜிம்பல் சரிக்கட்டும். முன்பின் ஆட்டத்துக்கு அது உதவாது. அதற்குத்தான் பாத்திரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் கிளாம்புகள். இரண்டு பர்னருக்கும் தனித்தனியாக வேண்டும், கையால் திருகி இறுக்கும்படி இருக்க வேண்டும்.

ஜிம்பல் ஒழுங்காக வேலை செய்ய, அச்சுக்குக் கீழே எடை கூடுதலாக இருக்க வேண்டும். ஓவனோடு சேர்ந்த அடுப்பில் அது இயல்பாகவே அமைந்துவிடும். ஓவன் இல்லாத இரட்டை பர்னர் அடுப்பில்தான் சிக்கல். நிறைந்த 5 லிட்டர் குக்கரை மேலே ஏற்றியதும் எடை மேலே போய்விடும், சாய்வைக் குறைக்க வேண்டிய அடுப்பு அதைக் கூட்டிக் காட்டும். அடுப்பின் அடியில் கனமான இரும்புத் தகட்டையோ ஈயக்கட்டியையோ போல்ட் போட்டு முறுக்கினால் சரியாகும். கரையிலேயே சோதித்துவிடலாம்: சமைக்கும்போது இருக்கும் எடைக்குத் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தை வைத்து, அடுப்பைக் கையால் 30 டிகிரி சாய்த்துவிடுங்கள். மட்டத்துக்குத் திரும்பி வந்து நிற்க வேண்டும். அப்படிச் சாய்க்கும்போதே பின்னால் எட்டிப் பார்த்து, கேஸ் ஹோஸ் எங்கேயும் நசுங்குகிறதா, கூர்மையான விளிம்பில் உரசுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஓவன் கதவைத் திறந்தால் கதவின் எடை முன்னால் வரும், அடுப்பு உங்கள் பக்கம் சாயும், மேலே கொதிப்பதும் அதோடு வரும். ஆகவே வரிசை இதுதான்: மேலே உள்ள பாத்திரத்தை முதலில் இறக்கிவிட வேண்டும், சுக்கான் பிடிப்பவரிடம் சொல்லி ஒரு நிமிடம் படகின் சாய்வைக் குறைக்கச் சொல்ல வேண்டும், ஜிம்பல் தாழ்ப்பாளைப் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் கதவு. இதில் ஒன்றையும் விட முடியாது.

சமைப்பவருக்கும் பிடிமானம் வேண்டும். அடுப்படி கீழ்ப்பக்கம் சாயும்போது ஆள் அடுப்பின்மேல் விழுவார்; அதற்கு அடுப்புக்கு முன்னால் ஒரு தடித்த எஃகுக் கம்பி. மேல்பக்கம் வரும்போது பின்னால் சரிவார். அதற்கு இடுப்புக்குப் பின்னால் ஒரு அகலப் பட்டை. பட்டையின் கொக்கிகளை மரச்சட்டத்தில் துளைத்துப் போல்ட் போட வேண்டும், வெறும் திருகாணி ஆளின் எடையைத் தாங்காது. ஒரு எச்சரிக்கை: கொதிக்கும் சாறு மேலே வரும்போது சட்டென்று விலக முடியாதபடி பட்டை உங்களை அடுப்புக்கு நேர் எதிரே கட்டிவைக்கக் கூடாது. அடுப்புக்குச் சற்றுப் பக்கத்தில் நிற்கும்படி கொக்கிகளை அமைப்பது நல்லது.

அலை கூடிய நாளில் வெறுங்காலோடும் அரைக்கால் சட்டையோடும் சமைக்காதீர்கள். மழைக்குப் போடும் முழுநீள ரப்பர் கால்சட்டையும் பூட்ஸும் அடுப்படிக்கும் நல்ல உடைதான். கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு அதில் வெந்நீர் ஊற்றவே கூடாது. கோப்பையைச் சிங்க்குக்குள் நிறுத்தி ஊற்றுங்கள். தவறினாலும் தண்ணீர் சிங்க்கோடு போகும். சுட்டுக்கொண்டால் உடனே ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். நன்னீர் கைவசம் குறைவு என்றால் கடல்நீர்ப் பம்பையே பயன்படுத்தலாம், நேரத்தைக் குறைக்க வேண்டாம்.

ஓடும் படகில் எண்ணெய்ச் சட்டி வைத்துப் பொரிப்பது எந்த நிலையிலும் வேண்டாம். நங்கூரம் போட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேஸ்

சமையல் கேஸில் இருக்கும் புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. வீட்டில் கசிந்தால் வாசல் வழியாக வெளியேறும் வாயு, படகில் கிண்ணத்தில் ஊற்றிய தண்ணீரைப் போல பில்ஜில், அதாவது படகின் அடிப்பள்ளத்தில், போய்த் தேங்கிக் கிடக்கும். பில்ஜ் பம்பின் சுவிட்சில் வரும் ஒரு பொறி போதும். கேஸ் பற்றிய எல்லா ஏற்பாடுகளும் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

சிலிண்டர் தனிப் பெட்டியில் இருக்க வேண்டும். அந்தப் பெட்டி படகின் உள்பக்கத்தோடு எந்தத் துவாரத்தாலும் இணையக் கூடாது. மூடி மேல்பக்கம் திறக்க வேண்டும். அடியில் இருந்து ஒரு குழாய் நேராக வெளியே, நீர்மட்டத்துக்கு மேலே, கடல் பக்கம் திறக்க வேண்டும். இந்த வடிகுழாயில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அதே பெட்டியில் கயிறு, துணி, பிளாஸ்டிக் பை என்று திணிப்பார்கள். ஒன்று போய் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒரு முறை ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அது வெளியே வருகிறதா என்று பாருங்கள்.

ரெகுலேட்டருக்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜ் வைத்துக்கொண்டால் கசிவுச் சோதனை மிக எளிது. பர்னர்கள் எல்லாம் மூடியிருக்கட்டும். சிலிண்டர் வால்வைத் திறந்து, அடுப்புக்குப் போகும் சோலனாய்டு வால்வையும் (சுவிட்சைப் போட்டால் மின்சாரத்தில் திறப்பது) திறங்கள். கேஜின் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, சிலிண்டர் வால்வை மட்டும் மூடுங்கள். குறைந்தது 3 நிமிடம், நேரம் இருந்தால் கால் மணி நேரம் காத்திருங்கள். முள் இறங்கினால் சிலிண்டருக்கும் பர்னருக்கும் நடுவில் எங்கோ கசிகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். அமோனியா கலந்த சுத்திகரிப்பு நீரைத் தடவ வேண்டாம், பித்தளை இணைப்புகள் அதில் வெடிப்பு விடும்.

ஆனால் அந்தக் கேஜைப் பார்த்து எவ்வளவு கேஸ் மிச்சம் என்று கணக்கிட முடியாது. உள்ளே ஒரு துளி திரவம் இருக்கும் வரை அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்ததே தவிர அளவைப் பொறுத்ததல்ல. முள் நன்றாக நிற்கும், அடுத்த வேளைச் சமையலில் திடீரென்று கீழே விழும். மிச்சம் தெரிய ஒரே வழி தராசு. காலி எடை சிலிண்டரின் கழுத்திலோ பட்டையிலோ பொறித்திருக்கும். தொங்கு தராசில் மாட்டிக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கச் சாதாரண பர்னரில் சுமார் 15 கிராம் கேஸ் போகும். இந்த ஒரு எண்ணை வைத்தே பயணத்துக்கு எத்தனை கிலோ தேவை என்று ஓரளவு போட்டுவிடலாம். குளிர் பிரதேசம் போகிறவர்கள் பியூட்டேனை நம்ப வேண்டாம். உறைநிலையை நெருங்கினால் அது ஆவியாகாது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை தாங்கும்.

சமையல் முடிந்ததும் அடுப்புக் குமிழை மட்டும் மூடிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒரு பர்னர் எரிந்துகொண்டிருக்கும்போதே சோலனாய்டையோ சிலிண்டர் வால்வையோ மூடுங்கள். குழாயில் உள்ளது எரிந்து தீர்ந்து சுடர் தானே அணையும், பிறகு குமிழை மூடுங்கள். குழாயில் வாயு நிற்காது, வால்வு உண்மையிலேயே மூடுகிறதா என்பதும் அதே வேலையில் தெரிந்துவிடும். சுடர் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் வால்வு போய்விட்டது என்று பொருள்.

வாசனை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள், அணைப்பதற்குக்கூட. சிலிண்டரை மூடி, எல்லா மேல்கதவுகளையும் திறந்து, கையால் அடிக்கும் பில்ஜ் பம்பை அடியுங்கள். தண்ணீரை இழுப்பது போலவே அது அடியில் தேங்கிய வாயுவையும் இழுத்து வெளியே தள்ளும். கேஸ் அலாரத்தின் உணரியைத் தாழ்வாக, அடுப்புக்குக் கீழே அல்லது பில்ஜின் மேற்பகுதியில் வைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு. அது படுக்கையில் தலை இருக்கும் உயரத்தில். சுடர் மஞ்சளாக எரிந்தால், பாத்திரத்தின் அடி கறுத்தால், பர்னரைக் கழற்றித் துளைகளைச் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. அடுப்பைக் குளிர்காயப் பயன்படுத்துவது உயிரோடு விளையாடுவது.

தீப்போர்வையை அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கும் படகுகள் ஏராளம். எரியும் அடுப்பின்மேல் கையை நீட்டி அதை யார் எடுப்பது? வெளியேறும் வழியின் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் மாட்டுங்கள். தீயணைப்பானுக்கும் அதே இடம்தான்.

ஸ்பிரிட் அடுப்பும் உண்டு, பாதுகாப்பானது என்று பெயரும் உண்டு. அதன் எரிபொருளான எத்தனாலில் ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் வெப்பம் புரொப்பேனில் கிடைப்பதில் முக்கால் பங்குகூட இல்லை, பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது, சூடாக இருக்கும்போது எரிபொருள் நிரப்பினால் ஆபத்து. வார இறுதிப் படகுக்குச் சரி. இண்டக்‌ஷன் அடுப்போ 1800 வாட்டில் ஓடும்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 150 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். லித்தியம் பேட்டரியும் தடித்த கேபிளும் இல்லாமல் அதைத் தொட வேண்டாம். இருந்தால் அருமைதான்: ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஏறக்குறைய 100 வாட்-மணி, கேபினில் ஈரமும் ஏறாது.

மூடி போட்டுச் சமையுங்கள்

ஈரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியேறும். ஆனால் அது சிறு பங்குதான். மேலே சொன்ன ஒரு லிட்டர் வெந்நீருக்கு எரிவாயுவிலிருந்து வரும் ஈரம் 25 கிராம். மூடாத பாத்திரம் அரை மணி நேரம் தளதளவென்று கொதித்தால் கால் லிட்டருக்கு மேல் ஆவியாகும். அத்தனையும் இரவில் குளிர்ந்த உட்சுவரில் படிந்து, மெத்தைக்கடியில் பூஞ்சையாக முளைக்கும். படுக்கை நனைகிறது என்று கூரையில் ஒழுக்குத் தேடுபவர்கள் முதலில் சாதப் பானையைப் பார்க்க வேண்டும்.

இதனால்தான் பிரஷர் குக்கரைப் படகின் முதல் பாத்திரம் என்போம். நேரமும் கேஸும் மிச்சமாவது ஒரு பக்கம். மூடி பூட்டிக்கொள்வதால் குக்கர் உருண்டு விழுந்தாலும் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும் என்பதுதான் பெரிய விஷயம். மேலே உட்காரும் வெயிட்டைவிட ஸ்பிரிங் வால்வு உள்ள குக்கர் படகுக்கு ஏற்றது. வெயிட் அலையில் குதித்து அழுத்தத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அரைக் குக்கருக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரைக்கும் பருப்பு ஆட்டத்தில் மேலே தெறித்து ஆவித் துவாரத்தை அடைத்துவிடும். அழுத்தம் ஏறியதும் சிம்மில் வைத்து, நேரம் முடிவதற்கு மூன்று நான்கு நிமிடம் முன்னாலேயே அணைத்துவிடுங்கள். ஆவியைத் திறந்துவிட வேண்டாம், தானாக இறங்கட்டும். அந்தக் கால் மணி நேரத்தில் மிச்சம் வெந்துவிடும், கேபினுக்குள் ஆவியும் வராது.

அதற்கடுத்தது அகன்ற வாய் உள்ள வெற்றிடக் குடுவை (ஃப்ளாஸ்க்). முதலில் வெந்நீர் ஊற்றி 5 நிமிடம் குடுவையைச் சூடேற்றிக் கொட்டிவிட வேண்டும். பிறகு, அடுப்பில் 5 நிமிடம் கொதித்த அரிசியையோ தானியத்தையோ தண்ணீரோடு சேர்த்துக் கழுத்துவரை நிரப்பி மூடிவிடலாம். பாதிக் குடுவை என்றால் சூடு சீக்கிரம் இறங்கும், உள்ளே அரைவேக்காடுதான் கிடைக்கும். சாப்பிடும்போது 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். கீழே போய்விட்டால் திரும்பக் கொதிக்க வைத்துச் சாப்பிடுங்கள்.

சிவப்பு ராஜ்மாவை மட்டும் அப்படியே குடுவையில் போடவே கூடாது. அதில் லெக்டின் என்ற நச்சு இருக்கிறது. 80 டிகிரிச் சூட்டில் அது அழியாது, பச்சையாகச் சாப்பிடுவதைவிட மோசமாகும். 5 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி, புது நீரில் குறைந்தது 10 நிமிடம், மனநிறைவுக்கு 30 நிமிடம், முழுக் கொதியில் வைத்த பிறகே குடுவை. குக்கரில் வேகவைத்தால் இந்தக் கவலை இல்லை.

தண்ணீர்

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்வது வழக்கம். வெப்பத்தில் இன்னும் கூடும். மின்பம்பு வைத்த குழாயில் கையைக் கழுவும்போதே ஒரு லிட்டர் போய்விடும். காலால் மிதிக்கும் பம்பு இருந்தால் மிதிக்கும் அளவுக்குத்தான் வரும், இரண்டு கையும் வேலைக்கு மிச்சம். சிங்க்கில் இரண்டு மிதிபம்பு, ஒன்று நன்னீருக்கு, ஒன்று கடல்நீருக்கு: படகு அடுப்படியில் செய்யும் செலவிலேயே உருப்படியானது இதுதான் என்பது எங்கள் கட்சி.

கரையை விட்டு நன்றாக விலகிய பிறகே கடல்நீரைத் தொடலாம். துறைமுக நீரிலும் நங்கூரம் போட்ட குடாவிலும் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. திறந்த கடலில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பாஸ்தாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் ஒரு பங்கு கடல்நீர், இரண்டு பங்கு நன்னீர் என்று கலந்தால் லிட்டருக்கு 12 கிராம் வரும், உப்பு போட வேண்டியதில்லை. வெந்த நீரை அப்படியே குழம்பில் சேர்த்தால் மட்டும் கரிக்கும். ஓட்டோடு வேகும் முட்டைக்கு முழுக் கடல்நீரே போதும்.

பாத்திரம் கழுவுவதற்கு முன் எச்சிலையும் எண்ணெயையும் பழைய காகிதத்தால் வழித்து எடுத்துவிடுங்கள். கடல்நீரில் தேய்த்து, கடைசியில் நன்னீரைத் தெளிப்பான் புட்டியால் அடித்தால் ஒரு தட்டுக்கு இரண்டு மூன்று கரண்டி நீரில் வேலை முடியும். அந்தக் கடைசித் தெளிப்பை விட்டுவிட்டால் பாத்திரத்தில் காய்ந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், துண்டு காயவே காயாது. அலுமினியப் பாத்திரத்தில் குழி விழும். எவர்சில்வரும் கடல்நீரில் ஊறிக் கிடந்தால் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

சிங்க் ஆழமாக, 20 செ.மீ.க்குக் குறையாமல், படகின் நடுக்கோட்டுக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி இருக்க வேண்டும். ஓரமாக இருக்கும் சிங்க், படகு அந்தப் பக்கம் சாயும்போது நீர்மட்டத்துக்குக் கீழே போகும். வடிகால் வழியாகக் கடல் உள்ளே வரும். அப்படிப்பட்ட படகில் பாத்திரம் கழுவி முடித்ததும் வடிகால் படகைவிட்டு வெளியேறும் இடத்தில் உள்ள அடிவால்வை மூடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அடுக்குவது

கனமானது கீழே, நடுவில். அடிக்கடி எடுப்பது இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில். அடுப்புக்குப் பின்னால் உள்ள அலமாரியில் உப்பும் மசாலாவும் வைப்பார்கள், பார்க்க அழகுதான். ஆனால் அதை எடுக்கச் சுடரின்மேல் கையை நீட்ட வேண்டும். அங்கே சமையலின்போது தேவைப்படாத ஏதாவது ஒன்றை வையுங்கள்.

வட்ட டப்பாக்களை வரிசையாக அடுக்கினால் அவற்றுக்கு நடுவில் 21 சதவீத இடம் வீணாகிறது. சதுர டப்பாவுக்கு மாறினாலே ஐந்தில் ஒரு பங்கு அலமாரி இலவசமாகக் கிடைக்கிறது, அவை உருளவும் செய்யாது. ஒரு அலமாரியின் உள் அகலத்தை முதலில் அளந்துகொண்டு, அதில் மீதமில்லாமல் பொருந்தும் ஒரே அளவு டப்பாக்களை வாங்குங்கள். இரண்டு விரல் இடைவெளி விட்டால் இரவு முழுக்க டக் டக் என்று அடித்துக்கொண்டிருக்கும், தூக்கம் போகும். மீந்த இடைவெளியில் கைத்துண்டைத் திணித்துவிடலாம்.

அலமாரிக் கதவுக்குக் காந்தப் பிடி போதாது. உள்ளே இருக்கும் சாமானின் எடை மோதினால் திறந்துவிடும். அழுத்தித் திறக்கும் குமிழ்த் தாழ்தான் நல்லது. ஓட்டைக்குள் விரலை விட்டு உள்தாழைத் திறக்கும் வகை பழைய படகுகளில் நிறைய உண்டு. விரல் உள்ளே இருக்கும்போது படகு குலுங்கினால் விரல் மடங்கிவிடும். இழுப்பறைக்கு, சற்றுத் தூக்கித்தான் இழுக்க முடியும் என்கிறபடி அடியில் ஒரு வெட்டு இருந்தால் போதும், வேறு பூட்டு வேண்டாம். மேடையின் விளிம்பில் 4 முதல் 5 செ.மீ. உயரத்துக்குச் சட்டம் வேண்டும். மூலையில் மட்டும் இடைவெளி விட்டால் துடைப்பது எளிது.

சுவரில் காந்தப் பட்டையில் கத்தி மாட்டுவது கரையோடு போகட்டும். கத்தி பறப்பது ஒரு பக்கம். அந்தக் காந்தமே திசைகாட்டியைக் கெடுக்கும், மரத்தடுப்புக்கு மறுபக்கம் இருந்தாலும் சரி. இன்னொன்று பலர் கவனிக்காதது: தானியங்கிச் சுக்கானின் மின்னணுத் திசைகாட்டியைப் பெரும்பாலும் படகின் நடுப்பகுதியில் தாழ்வாக ஏதாவது ஒரு லாக்கருக்குள் பொருத்தியிருப்பார்கள். தகர டின்களை அடுக்க நாம் தேடும் இடமும் அதேதான். டின்களை ஏற்றிய பிறகு படகு வேறு திசையில் போகத் தொடங்கினால் முதலில் அந்த லாக்கரைத் திறந்து பாருங்கள்.

மேடை போதாது என்றால் சிங்க்கின்மேல் பொருந்தும் வெட்டுப்பலகை ஒன்று செய்துகொள்ளலாம். அடியில் சிங்க்கின் உள்விளிம்பை ஒட்டி இரண்டு கட்டைகள் அடித்துவிட்டால் நகராது. பிசையும் கிண்ணத்துக்கு அடியில் ஈரத்துணி. தட்டுக்குப் பதில் ஆழமான கிண்ணம்.

சாமான் ஏற்றுவது

அட்டைப்பெட்டி எதுவும் படகுக்குள் வரக் கூடாது. மடிப்புகளுக்குள் கரப்பான் முட்டை இருக்கும், வந்துவிட்டால் விரட்டுவது பெரும்பாடு. எல்லாவற்றையும் கரையிலேயே பிரித்து டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். சமைக்கும் முறை அச்சிட்ட பகுதியை மட்டும் வெட்டி உள்ளே போடலாம். டின்களின் காகித லேபிளையும் உரித்துவிட்டு, மூடியில் அழியாத மையால் பெயரும் காலாவதித் தேதியும் எழுதுங்கள். லேபிள் நனைந்து கூழாகி பில்ஜ் பம்பின் வடிகட்டியை அடைப்பது சாதாரணமாக நடக்கும் விஷயம், அதுவும் பம்பு அவசியமான நேரத்தில். டின்னின் மடிப்பு விளிம்பில்தான் துரு முதலில் பிடிக்கும். உப்பியதை, கசிந்ததைச் சுவைத்துப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள்.

மாவு, அரிசியில் வண்டு வராமலிருக்க இலை போடுவது, மிளகாய் போடுவது எல்லாம் மனத்திருப்திக்குத்தான். ஏற்றும் முன் மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்தால் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வர விடுங்கள், இல்லாவிட்டால் மாவின்மேல் ஈரம் படியும்.

வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே கூடையில் இருந்தால் இரண்டும் கெடும். ஆப்பிள், வாழைப்பழம், தக்காளி விடும் எத்திலீன் வாயுவில் கீரையும் கேரட்டும் சீக்கிரம் போய்விடும். முட்டைக்கோஸை வெட்டாமல் வெளி இலையாக உரித்து உரித்து எடுத்தால் ஃப்ரிட்ஜ் இல்லாமலே வாரக்கணக்கில் தாங்கும். தொங்கும் வலைப்பையில் காய் போடுவதானால் பையின் அடியையும் கட்டுங்கள். இல்லாவிட்டால் ஊசலாடிச் சுவரில் மோதி மோதிக் கன்றிவிடும். முட்டை, கழுவாததாக, ஒருபோதும் ஃப்ரிட்ஜில் வைக்காததாக வாங்குங்கள். ஓட்டின்மேல் மெலிதாக வாசலின் தடவினால் நுண்துளைகள் அடைபட்டு நாள் கூடும். தண்ணீரில் மிதக்கும் முட்டையை உடைக்காமல் எறிந்துவிடலாம்.

ஃப்ரிட்ஜ் மேலே திறக்கும் பெட்டியாக இருக்கட்டும். முன்கதவைத் திறந்தால் குளிர்க்காற்று காலடியில் கொட்டும், சாய்வில் பால்புட்டியும் கூடவே கொட்டும். சுற்றிலும் 10 செ.மீ. பாலியூரிதேன் இருந்தால், வெப்பமான நாளில் சிறு பெட்டிக்கு 12 வோல்ட்டில் 30 முதல் 60 ஆம்பியர்-மணி போகும். அடியில் வடிதுளை இருந்தால் அடைத்துவையுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, அதன் வழியாகவே வடிந்துவிடும். பெட்டியின் வரைபடத்தை மூடியின் மேல் ஒட்டி, எந்தக் கூடையில் எது என்று பென்சிலால் எழுதினால், திறந்து வைத்துக்கொண்டு தேட வேண்டாம். காலி இடத்தைத் தண்ணீர்ப் புட்டிகளால் நிரப்புங்கள். பாதி காலியான பெட்டி ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் புதுச் சூடான காற்றை வாங்கிக்கொள்ளும்.

கிளம்பும் முதல் இரண்டு நாளுக்கான சாப்பாட்டைக் கரையிலேயே சமைத்து, சூடாக்கினால் போதும் என்கிற நிலையில் ஏற்றிவிடுங்கள். கடல் நோய் வருவது பெரும்பாலும் அப்போதுதான், கீழே குனிந்து வெங்காயம் நறுக்கச் சொன்னால் நல்ல மாலுமியும் படுத்துவிடுவார்.

குப்பை விஷயத்தில், கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மார்போலின் ஐந்தாம் இணைப்புதான் விதி. 2013 ஜனவரி 1 முதல் திருத்திய வடிவத்தில் நடைமுறையில் இருக்கிறது. பிளாஸ்டிக் எங்கேயும் எப்போதும் கடலில் போடக் கூடாது. உணவுக் கழிவை மட்டும், படகு ஓடிக்கொண்டிருக்கும்போது, 25 மி.மீ. துளைச் சல்லடையில் விழும்படி நறுக்கியிருந்தால் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் போடலாம். நறுக்காவிட்டால் 12 கடல் மைல். சிறப்புப் பகுதிகள் என்று அறிவித்த கடல்களில் நறுக்கியதற்கே 12 மைல். மற்றதெல்லாம் கரைக்குத்தான் திரும்ப வேண்டும். டின்னைக் கடல்நீரில் அலசி, இரண்டு பக்க மூடியையும் வெட்டித் தட்டையாக நசுக்குங்கள். பிளாஸ்டிக் உறைகளையும் அலசிக் காயவைத்து, அகன்ற வாய் புட்டி ஒன்றில் குச்சியால் குத்தித் திணித்து மூடிவிட்டால் வாரக்கணக்கில் நாற்றமில்லை.